சுவராக நின்றால் போதும்

ஃபைஸ் சுப்ரியின் அந்தக் கோலைப் பார்க்காத பினாங்குப் பிள்ளை இருக்க முடியாது. 2016 பிப்ரவரி 16, ஜார்ஜ்டவுன் சிட்டி ஸ்டேடியம், எதிரே பகாங் குழு. 30 மீட்டருக்கும் கூடுதலான தூரத்திலிருந்து ஒரு ஃப்ரீ கிக். பந்து ஒரு பக்கம் போவதுபோல் கிளம்பி, நடுவானில் மனம் மாறியதுபோல் மறுபக்கம் வளைந்து வலைக்குள் போய் விழுந்தது. பினாங்கு 4-1 என்று வென்றது. அடுத்த ஜனவரியில் சூரிக் நகரில், பிரேசிலின் ரொனால்டோ கையால், உலகின் சிறந்த கோலுக்கான புஸ்காஸ் விருதை வாங்கினார் ஃபைஸ். எங்கள் வீட்டில் அந்தக் காணொளி எத்தனை முறை ஓடியிருக்கும் என்பதை யூடியூப்பிடம்தான் கேட்க வேண்டும்.

பார்த்த பிள்ளைகள் சும்மா இருப்பார்களா? எங்கள் அடுக்குமாடியின் கார் நிறுத்துமிடத்தில் ஆளாளுக்கு ஃப்ரீ கிக் அடித்தார்கள். ஒரு மைவியின் பக்கக் கண்ணாடி போனது. மறுநாளே மின்தூக்கிப் பக்கத்தில் ‘பந்து விளையாடத் தடை’ என்று மூன்று மொழிகளில் அறிவிப்பு வந்துவிட்டது. (தமிழில் இல்லை. பந்தை உதைத்தவர்களில் பாதிப் பேர் நம் பிள்ளைகள் என்பதால் தமிழிலும் எழுதியிருந்தால் நியாயமாக இருந்திருக்கும்.)

ஆக, பிள்ளை வீட்டுக்குள் வந்துவிட்டது. பந்தும் கூடவே வந்துவிட்டது. 900 சதுர அடி வீட்டில் ஒரு பிள்ளையையும் ஒரு பந்தையும் வைத்துக்கொண்டு என்ன செய்வது? இந்த வாரம் அதைத்தான் பேசப்போகிறோம்.

என் மகளுக்கு ஒன்பது வயது, மூன்றாம் ஆண்டு. பள்ளியின் பெண்கள் காற்பந்துக் குழுவில் சேர்ந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. ஒரு புதன்கிழமை இரவு, சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டே, “நான் இனிமே பயிற்சிக்குப் போகல ப்பா” என்றாள். ஏன் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பதில் இல்லை. அப்புறம் சொன்னாள்: “பந்து எங்கிட்ட நிக்கவே மாட்டுது. அதனால யாரும் எனக்குப் போட மாட்டுறாங்க.”

அந்த இரண்டாவது வாக்கியம் என்னை யோசிக்க வைத்தது. பந்து காலில் நிற்பதில்லை, அதனால் தோழிகள் தருவதில்லை. தராததால் பழகுவதற்கு வாய்ப்பில்லை. பழகாததால் பந்து நிற்பதில்லை. பயிற்றுநர் நல்லவர்தான்; ஆனால் அவர் ஒருவர், பிள்ளைகள் 24 பேர், நேரம் ஒரு மணி. அந்தச் சனிக்கிழமை ஒரு நட்புமுறை ஆட்டம் நடந்தது. திடலோரம் உட்கார்ந்து விரல்விட்டு எண்ணினேன். இருபது நிமிட ஆட்டத்தில் என் மகள் பந்தைத் தொட்டது ஏழு முறை. அதில் இரண்டு, பந்து தானாக வந்து முழங்காலில் பட்டது.

என் அப்பாவிடம் இதைச் சொன்னேன். அவர் கெடாவில் ஒரு ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவர். “எங்களுக்கு யாருய்யா சொல்லிக் கொடுத்தா?” என்றார். லயத்து வீடுகளுக்குப் பக்கத்திலேயே திடல். பள்ளிவிட்டு வந்ததும் பையைத் திண்ணையில் போட்டுவிட்டு ஓடினால் இருட்டும் வரைக்கும் ஆட்டம். ஒரே பந்து, இருபது பேர், வெறுங்கால். பெரியவன் காலிலிருந்து பந்தைப் பறித்தால்தான் சின்னவனுக்குக் கிடைக்கும். அந்தத் திடலே பயிற்றுநர்.

அப்பா வயதுக்காரர்கள் பேச ஆரம்பித்தால் பெயர்கள் வரிசையாக வரும். 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் ஆடிய எம். சந்திரன். நீண்ட கைகளால் ‘ஸ்பைடர்மேன்’ என்று பெயர் வாங்கிய கோல்காவலர் ஆர். ஆறுமுகம். 1980இல் தென்கொரியாவை 2-1 என வென்று மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்றும், புறக்கணிப்பால் போகாமல் நின்ற குழுவின் சுவர் அவர். 1988இல் சாலை விபத்தில் போய்ச் சேர்ந்தார். ‘ஓலா போலா’ படத்தில் வரும் கோல்காவலர் முத்துகுமாரைப் பார்த்து அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டது அவருக்காகத்தான். பிறகு கே. ராஜகோபால். ஆட்டக்காரராக இருந்து பயிற்றுநராகி, 2010இல் மலேசியாவுக்கு ஆசியான் சுசுகி கிண்ணத்தை வாங்கித் தந்தவர்.

இவர்கள் எல்லாரும் தோட்டத்துத் திடலில் உருவானவர்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்தக் காலத்து நம் பிள்ளைகளுக்குப் பந்தும் காலும் சேர்ந்து இருக்கும் நேரம் காசில்லாமல் கிடைத்தது. தோட்டம் துண்டாடப்பட்டது, நாம் நகரத்துக்கு வந்தோம், பன்னிரண்டாவது மாடியில் குடியேறினோம். வேலை பரவாயில்லை, பள்ளி பரவாயில்லை. அந்த நேரம் மட்டும் எங்கோ வழியில் விடுபட்டுவிட்டது. இன்று அதை அகாடமியில் மாதக் கட்டணம் கட்டி வாங்குகிறோம். வாங்க முடிந்தவர்கள் வாங்குங்கள், தப்பில்லை. ஆனால் வாரம் இரண்டு மணி நேரம், மற்றவர்களோடு வரிசையில் நின்று முறை வரும்போது உதைப்பது, அந்தப் பழைய மாலைப்பொழுதுகளுக்கு ஈடாகாது.

இங்கேதான் வீடு உதவுகிறது. இடம் போதாதே என்று நினைப்பவர்களுக்கு ஒரு பழைய கதை. 1930இல் உருகுவேயின் தலைநகர் மொண்டேவிடியோவில், ஹுவான் கார்லோஸ் செரியானி என்ற ஆசிரியர், வெளியே இடமில்லாமலும் மழையாலும் தவித்த பிள்ளைகளுக்காகக் கூடைப்பந்து மண்டபத்துக்குள் ஆட ஒரு காற்பந்தை வகுத்தார். அதுதான் ஃபுட்சால். நம் ஊரில் இரவு பத்து மணிக்கு அலுவலக நண்பர்கள் மணிக்கு இவ்வளவு என்று கட்டி ஆடுவோமே, அதே ஆட்டம். ரொனால்டினோவும் நெய்மாரும் சிறுவயதில் அதில் ஊறியவர்கள். இடம் குறைந்தால் பந்து காலோடு ஒட்டியே இருக்க வேண்டும். தள்ளிவிட்டு ஓட வழியில்லை. அதாவது, உங்கள் வரவேற்பறையில் ஃப்ரீ கிக் பழக முடியாது. என் மகளுக்கு எது வரவில்லையோ அதை நன்றாகவே பழக முடியும்.

முதலில் பந்து. கடையில் போய் ‘காற்பந்து’ என்று கேட்டால் பெரியவர்கள் ஆடும் 5ஆம் எண் பந்தைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள். எட்டு வயதுக்குக் கீழே 3ஆம் எண், எட்டிலிருந்து பன்னிரண்டு வரை 4ஆம் எண், அதற்கு மேல்தான் 5. எண் பந்தின்மேலேயே அச்சிட்டிருக்கும். 5ஆம் எண் பந்து 410 முதல் 450 கிராம் எடை. ஏழு வயதுப் பிள்ளையின் காலுக்கு அது கல். உறவினர் பிறந்தநாளுக்கு வாங்கித் தந்த பெரிய பந்து வீட்டில் இருந்தால் அலமாரியில் வையுங்கள், வளர்ந்தபின் உதவும்.

வீட்டுக்குள் ஆடக் கொஞ்சம் காற்றை இறக்கிவிடுங்கள். ஃபுட்சால் பந்தை 2 மீட்டர் உயரத்திலிருந்து விட்டால் அது 65 சென்டிமீட்டருக்கு மேல் எழும்பக்கூடாது என்பது விதி. வீட்டில் அளவுகோல் தேவையில்லை. தலைக்கு மேல் கையை உயர்த்திப் பந்தை விடுங்கள். உங்கள் முழங்காலைச் சற்றே தாண்டி எழும்பினால் சரி. இடுப்புவரை வந்தால் இன்னும் கொஞ்சம் காற்றை இறக்குங்கள். தொலைக்காட்சி பிழைக்கும்.

நாங்கள் செய்வது இதுதான். நான் பாயான் லெப்பாஸில் வேலை முடிந்து, லிம் சோங் இயூ விரைவுச்சாலை நெரிசலைத் தாண்டி வீடு வர ஏழாகிவிடும். குளித்து, தேத்தண்ணி குடித்து, ஏழரைக்கு நடு அறையில் மேசையைச் சுவரோரம் தள்ளுவோம். இருபது நிமிடம். வாரத்தில் நான்கு நாள். டியூஷன் இருக்கும் நாளில் கிடையாது.

முதல் ஐந்து நிமிடம் பந்து நகராது, கால்தான் நகரும். பந்தின் தலையில் வலது பாதத்தின் முன்பகுதியால் ஒரு தொடுதல், இடதால் ஒரு தொடுதல், மாற்றி மாற்றி. முதலில் மெதுவாக, நடப்பதுபோல. பிறகு குதித்துக் குதித்து. அடுத்து, பந்தை இரண்டு பாதங்களின் உள்பக்கத்துக்கும் நடுவே மணியடிப்பதுபோல் இடம் வலமாகத் தட்டுவது. அதற்கடுத்து, உள்ளங்காலால் பந்தைப் பக்கவாட்டில் உருட்டி நிறுத்துவது. நிமிடத்துக்கு 60 தொடுதல் ஒரு பிள்ளைக்குச் சாதாரணம். பந்து சோபாவுக்குக் கீழே போவது, தண்ணீர் குடிப்பது, சும்மா சிரிப்பது எல்லாம் போக இருபது நிமிடத்தில் 600 தொடுதல் தேறும். ஏழு எங்கே, 600 எங்கே!

பிறகுதான் என் வேலை. நான் சுவர். மூன்று எட்டு தள்ளி நின்று பந்தை அவளிடம் உருட்டுவேன், அவள் நிறுத்தித் திருப்பி அனுப்புவாள். அவ்வளவுதான். எனக்குக் காற்பந்து சுமாராகத்தான் வரும். அது இங்கே ஒரு குறையே இல்லை. வேலை இல்லாத நாளில் என் மனைவி சுவர். அவர் வாழ்நாளில் பந்தை உதைத்ததில்லை, கையால் உருட்டிவிடுகிறார். மகளுக்கு அதில் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.

நிறுத்துவதில் ஒரு சூட்சுமம் உண்டு. யாராவது ஒரு முட்டையை உங்களிடம் தூக்கிப் போட்டால் கையை விறைப்பாக நீட்டியா பிடிப்பீர்கள்? முட்டையோடு சேர்ந்து கையும் பின்னால் வரும். காலும் அப்படித்தான். பந்து வந்து படும் நேரத்தில் பாதத்தை ஒரு சாண் பின்னுக்கு இழுத்தால் பந்தின் வேகம் செத்துப்போய் அங்கேயே நிற்கும். விறைத்த காலில் பட்டால் சுவரில் பட்டதுபோல் எகிறும். என் மகளுக்குப் பந்து நிற்காததற்கு இதுவே காரணம். பந்தை நிறுத்தும் ஆவலில் காலை முன்னால் நீட்டிக் குத்தினாள். ‘முட்டை’ என்ற ஒரு சொல்லைத் தவிர வேறு எதையும் நான் அவளிடம் சொல்வதில்லை. இரண்டு வாரத்தில் சொல்லவேண்டிய தேவையும் குறைந்தது.

மூன்றாம் வாரம் இன்னொன்று சேர்த்தோம். பந்தை உருட்டிவிட்டு, நான் விரல்களைக் காட்டுவேன். பந்தைத் திருப்பி அனுப்பும் முன் எத்தனை விரல் என்று அவள் சொல்ல வேண்டும். திடலில் குனிந்த தலை நிமிராத பிள்ளைகளை நிறையப் பார்க்கிறோம். பந்து காலில் இருக்கிறது என்ற நம்பிக்கை வந்தால்தான் தலை நிமிரும். தம்பி தங்கை இருந்தால் விரல் காட்டும் பதவியை அவர்களுக்குக் கொடுங்கள். நாலு வயதுக்காரன் பத்து விரலையும் காட்டுவான், அது வேறு விஷயம்.

கடைசி ஐந்து நிமிடம் இடது காலுக்கு மட்டும். பிள்ளைகளுக்குப் பிடிக்காத பகுதி இது. பந்தைக் கையிலிருந்து விடு, காலால் ஒருமுறை மேலே தட்டு, கையால் பிடி. அது பழகியதும் இரண்டு தட்டு, பிறகு மூன்று. இதைப் பார்த்துவிட்டு என் அப்பா, “இது சேப்பாக் ராகாதானே!” என்றார். உண்மைதான். வட்டமாக நின்று பிரம்புப் பந்தைத் தரையில் விழாமல் காலால் தட்டும் அந்த ஆட்டம் இந்த வட்டாரத்தில் பல நூறு ஆண்டுகளாக இருக்கிறது. 1945வாக்கில் இதே பினாங்கில்தான் அதற்கு நடுவே பூப்பந்து வலை போலக் கட்டி ஆட ஆரம்பித்தார்கள். 1965இல் கோலாலம்பூரில் நடந்த தென்கிழக்காசியத் தீபகற்பப் போட்டியில் அது சேப்பாக் தக்ரா என்ற பெயரோடு அரங்கேறியது. வீட்டில் பிரம்புப் பந்து வேண்டாம், பிஞ்சுக் கால் வலிக்கும். இரண்டு ஜோடி பழைய காலுறையைச் சுருட்டி உள்ளே திணித்துக் கட்டிய பந்து போதும். சத்தமே வராது.

சத்தம் என்றதும் கீழ் வீடு ஞாபகம் வருகிறது. அடுக்குமாடியில் நம் தரை இன்னொருவர் கூரை. எங்களுக்குக் கீழே எழுபது தாண்டிய ஒரு சீனப் பாட்டி தனியாக இருக்கிறார். தொடங்குவதற்கு முன்பே மகளையும் அழைத்துக்கொண்டு இறங்கிப்போய், ஏழரையிலிருந்து ஏழு ஐம்பது வரை கொஞ்சம் சத்தம் வரும், சிரமமாக இருக்குமா என்று கேட்டோம். எட்டு மணி நாடகம் தொடங்குவதற்குள் முடித்துவிடுங்கள் என்றார். யோகா விரிப்புகள் இரண்டை அடுக்கிப் போட்டால் சத்தம் பாதியாகக் குறைகிறது. குதிக்கும் பயிற்சிக்கு விரிப்பு, உருட்டும் பயிற்சிக்கு வெறும் தரை. தீபாவளிக்கு முறுக்கு கொண்டுபோனபோது, பந்து எந்தக் காலில் நன்றாக வருகிறது என்று பாட்டி கேட்டார்.

ஒன்றை மட்டும் வீட்டில் செய்ய வேண்டாம்: தலையால் முட்டுவது. அப்பாக்களுக்கு இதில் தனி ஆசை உண்டு, அதனால் சொல்கிறேன். முன்னாள் தொழில்முறை ஆட்டக்காரர்கள் மூளைச் சிதைவு நோய்களால் இறக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறக்குறைய மூன்றரை மடங்கு என்று கிளாஸ்கோ பல்கலைக்கழக ஆய்வு 2019இல் சொன்னது. அடுத்த ஆண்டே இங்கிலாந்துக் காற்பந்துச் சங்கம் தொடக்கப்பள்ளி வயதுப் பிள்ளைகளுக்குப் பயிற்சியில் தலையால் முட்டுவதை நிறுத்தச் சொல்லிவிட்டது. அமெரிக்காவில் பத்து வயதுவரை அதற்கு இடமில்லை. அந்த ஆய்வு பிள்ளைகளைப் பற்றியதல்ல என்பது உண்மை. ஆனாலும் ஒன்பது வயதில் அதைப் பழகி ஆகப்போவது ஒன்றுமில்லை.

நம் வாயைப் பற்றியும் கொஞ்சம். சனிக்கிழமை காலையில் எந்தத் திடலுக்கு வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள். கோட்டுக்கு வெளியே பத்து அப்பாக்கள் பத்து விதமாகக் கத்திக்கொண்டிருப்பார்கள். “அடி! அடி! ஏன் பின்னால போடுற?” பிள்ளை ஒரு கண்ணால் பந்தையும் ஒரு கண்ணால் அப்பாவையும் பார்க்கும். அங்கே பயிற்றுநர் சொன்னது ஒன்று, அப்பா சொல்வது வேறு. வீட்டிலாவது அந்தக் குரல் வேண்டாம். சுவருக்கு வாய் கிடையாது. பந்து வந்தால் திருப்பி அனுப்பும், எத்தனை முறை தவறினாலும் முகம் சுளிக்காது. “போதும் ப்பா” என்று பிள்ளை சொன்னால் பதினொன்றாவது நிமிடமானாலும் நிறுத்திவிடுங்கள். இன்னும் கொஞ்சம் என்று பிள்ளையே கேட்கும் நாளில் நிறுத்துவதுதான் கஷ்டம். எங்கள் வீட்டில் எட்டு மணி நாடகம் அந்த வேலையைச் செய்கிறது.

இப்போது எட்டு வாரமாகிவிட்டது. மகள் குழுவில் தொடர்கிறாள். பெரிய ஆட்டக்காரியாகிவிட்டாளா என்றால் இல்லை. இன்னும் மாற்று ஆட்டக்காரியாகத்தான் இறங்குகிறாள். போன சனிக்கிழமையும் திடலோரம் உட்கார்ந்து எண்ணினேன். பத்து நிமிடத்தில் பத்தொன்பது தொடுதல். அதில் பதினொன்று, தோழிகள் அவளைப் பார்த்துத் தந்த பந்து. ஒருமுறை பந்தை நிறுத்திவிட்டு, நிமிர்ந்து பார்த்து, எதிர்ப்புறம் ஓடிய ஒரு பிள்ளைக்கு அனுப்பினாள். அது கோலாகவில்லை, கம்பத்துக்கு வெளியே போனது. அந்த இரண்டு பிள்ளைகளும் கோல் அடித்ததுபோலவே கைதட்டிக்கொண்டார்கள்.

சமையலறையில் தொங்கும் நாள்காட்டியில் இடது காலின் கணக்கை அவளே எழுதுகிறாள். தரையில் விழாமல் தொடர்ந்து எத்தனை தட்டு என்ற கணக்கு அது. நல்ல நேரம், ராகுகாலம் அச்சிட்ட இடத்துக்குக் கீழே 1, 1, 2, 1, 3, 2 என்று போகிறது. நேற்று 6. பக்கத்தில் ‘அப்பா 4’ என்று அவளே எழுதி, கீழே இரண்டு கோடு போட்டு வைத்திருக்கிறாள்.